பெர்மிட் வரட்டும்கா

இருளப்பன் செத்த அன்னைக்கு எஸ்டேட்டே திரண்டு வந்துச்சு. மேல் டிவிசன், கீழ் டிவிசன், ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி, ரிங்லெட் டவுன்ல மளிகைக் கடை வச்சிருக்கிற நூர்தீன் பாய், எல்லாருக்கும் ஒரே பேச்சு. "தங்கமான மனுசன். சட்டம்னா சட்டம். அவன் ஒயர்மேனா இருந்த வரைக்கும் கரண்டு அடிச்சு ஒரு உசுரு போகல." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உசுரு போகலையாமே! போச்சு லா. என் வீட்டுல போச்சு. கரண்டு அடிச்சுப் போகல, அவ்வளவுதான்.

நான் பாஞ்சாலை. இருளப்பன் என் கூடப் பொறந்த தம்பி. ரிங்லெட்டுக்கு உள்ள இருக்கிற எஸ்டேட்ல, கீழ் டிவிசன்ல தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். அவன் கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கல. பக்கத்து வீட்டுல படுக்கை, என் வீட்டுல சோறு. எங்க வீட்டுக்காரரு செல்லையாவுக்கு இவன்னா உசுரு. ரெண்டு பேரும் சாயங்காலம் உக்காந்து ஒரு தட்டுல மரவள்ளிக் கிழங்கைப் போட்டுத் தின்னுக்கிட்டு என்னையே கேலி பண்ணுவாங்க. "உங்க அக்கா வாயை மூடுற நேரம்தான் எஸ்டேட்டுக்கு லீவு நாளு"ம்பாரு அவரு. இவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்படிச் சிரிச்ச பயதான்.

எல்லாத்துக்கும் ஆரம்பம் எங்க மாரியம்மன் கோயில் திருவிழா. எழுபதுகள்ல நடந்தது. அதுக்கு முன்னாடி எங்க எஸ்டேட்டுல கரண்டுக்குச் சொந்த இஞ்சின் இருந்துச்சு. சாயங்காலம் ஓட்டுவாங்க, படுக்கிற நேரத்துக்கு நிறுத்திடுவாங்க. பகல் பூரா கம்பி சும்மா கிடக்கும். நாங்க கரண்டுக் கம்பத்துல கொடி கட்டித் துணி காயப்போடுவோம், யாரு கேக்குறது. அப்புறம் டவுன் கரண்டு வந்துச்சு. வந்தும் நாங்க குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் பழைய வழக்கம்தான், சாயங்காலம்தான் சுவிட்சு போட்டு விடுவாங்க. ஆனா அதே கம்பத்துல மேல ஒரு கம்பி தேயிலை பேக்டரிக்குப் போகுதே, அதுல பகல்லயும் கரண்டு ஓடும். அது எங்க ஒருத்தர் மண்டையிலயும் ஏறல. வீட்டுல பல்பு எரியலையா, அப்ப கம்பியில கரண்டு இல்ல. அப்படித்தான் நாங்க எல்லாரும் நினைச்சோம்.

திருவிழாவுக்கு ஸ்பீக்கர் ஒயரு கட்டுறது பக்கிரிசாமி அண்ணன் வேலை. கோயில்ல இருந்து கடைசி வீடு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் ஏறிக் கட்டிக்கிட்டே போவாரு. அந்த வருசம் ஏணி பிடிச்சது என் தம்பி. பக்கத்து வீட்டுக்குள்ள ஓடி, சுவிட்சைத் தட்டிப் பாத்துட்டு, வெளிய வந்து கத்தினான். "எரியலண்ணே, ஏறுங்க!" அவரும் ஏறிட்டாரு. அடுத்து எனக்குக் கேட்டது அவரு கீழ விழுந்த சத்தம்தான். உசுரு அங்கயே போச்சு, திருவிழா நின்னுபோச்சு.

அன்னையில இருந்து இவன் சிரிப்பு போச்சு. சோத்தை வச்சா அப்படியே இருக்கும். "சாமி விட்ட வழிடா, உன் மேல என்ன தப்பு"ன்னு நான் சொல்லாத நாளில்ல. "நான்தான்கா ஏறச் சொன்னேன்"ம்பான், அவ்வளவுதான். ஒருநாள் நேரா ஆபீசுக்குப் போய், மேனேஜர் துரை முன்னாடி நின்னு, "எனக்கு இந்தக் கரண்டு வேலையை முறையாச் சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டிருக்கான். ஈப்போவுக்கு அனுப்பினாங்க. படிச்சு முடிச்சு ஒயர்மேனா வந்தான்.

வந்தவன் வேற ஆளு. மொத வேலையா எங்க துணிக்கொடியை எல்லாம் அறுத்து விட்டான்! பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து ஏசுறோம், அவன் பாட்டுக்கு அறுத்துக்கிட்டே போறான். கோயில் கமிட்டிக்காரங்க ஸ்பீக்கர் கட்டப் போனா, கம்பத்தை மறிச்சுக்கிட்டு நிப்பான். "கம்பம் நம்மளுது இல்ல, கரண்டு ஆபீசோடது. பெர்மிட் வாங்கிட்டு வாங்க." அதோட அவன் பேரே பெர்மிட்டுன்னு ஆயிடுச்சு. "பெர்மிட்டு வர்றான், துணியை எடுங்கடி"ன்னு குரல் குடுப்பாளுங்க. நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு நோய். மழைக்காலம் வந்து மலையில பனி இறங்கிச்சுன்னா மனுசன் மூச்சுக்கு அல்லாடுவாரு. கீழ் டிவிசன்ல டிரெசர் ராதாகிருஷ்ணன் இருக்காரு, மாத்திரை குடுப்பாரு, ஊசி போடுவாரு. அதுக்கும் அடங்கலைன்னா தானா ராத்தா பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். அங்க இருந்து வேன் வரணும்னா போன் பண்ணணும். போன் இருக்கிறது மேல, ஆபீஸ்ல. ஆள் மலையேறிப் போய்ச் சொல்லி, போன் அடிச்சு, லோரியோ வேனோ இறங்கி வர்றதுக்குள்ள பொழுது போயிடும்.

கீழ ஒரு போன் வேணும்னு துரைகிட்ட நடையா நடந்தது என் தம்பிதான். வேற யாருக்காக? அவன் மாமாவுக்காகத்தான். துரையும் கடைசியில சரின்னுட்டாரு. புதுசாக் கம்பம் நட முடியாது, இருக்கிற கரண்டுக் கம்பத்துலயே ஒயரைக் கட்டிக் கொண்டு போ, பெர்மிட்டுக்கு எழுதுறேன்னாரு. ஒயரு வந்துச்சு. பெரிய சுருளு, இவன் வீட்டு பெஞ்சுக்கு அடியில வச்சான். எங்க வீட்டுக்காரரு போய்த் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வருவாரு. "போன் வந்ததும் மொத போன் நான்தான் பேசுவேன்"ம்பாரு. "யாருகிட்ட?"ன்னா, "ஆபீஸ் கிராணியை நல்லா நாலு கேள்வி கேக்கணும்"ம்பாரு.

ஒயரு வந்துச்சு, பெர்மிட் வரல. பாக்க வர்றேன்ன கரண்டு ஆபீஸ்காரங்க வர்ற நேரம் ரோடு சரிஞ்சுச்சு. ரோட்டைச் சரி பண்ணினாங்க, மறுபடி மழை. இவன் லீவு நாள் எல்லாம் பஸ் ஏறிப்போய்க் கேட்டுட்டு வருவான். சும்மாவும் இருக்கல, மூங்கிலை வெட்டி நட்டுக் கட்டிப் பாத்தான், ஒரே ராத்திரி மழையில மண்ணு சரிஞ்சு மூங்கிலும் ஒயரும் ஆத்துக்குள்ள கிடந்துச்சு. அதை எடுத்துக் கழுவித் துடைச்சு மறுபடி சுத்தி வச்சான்.

ஒரு ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு வந்து உதடெல்லாம் நீலம் பாரிச்சுப்போச்சு. எப்படியோ ஊசியில தப்பிச்சாரு. நேரா இவன் வீட்டுக்குள்ள போனேன். பெஞ்சுக்கு அடியில இருந்து சுருளை இழுத்து வெளிய போட்டேன்.

"கட்டுடா இதை. இப்பவே கட்டு."

"பெர்மிட் வரட்டும்கா."

"எவன்டா வந்து பாக்கப்போறான் இந்தக் காட்டுக்குள்ள? உனக்குத்தான் வேலை தெரியுமே!"

அவன் ஏணியைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு, கட்டப்போறான்னு. கம்பத்துல ஏணியைச் சாத்தினான். ரெண்டு படி ஏறினான். மேல பாத்தான். பாத்துக்கிட்டே நின்னான். அப்படியே இறங்கி ஏணி அடியில உக்காந்துட்டான்.

"பயந்தாங்கொள்ளி"ன்னேன். ஆமா, சொன்னேன்.

"பயம்தான்கா. ஆனா என் உசுருக்கு இல்ல. கேளு. போன் ஒயரு கீழ, கரண்டுக் கம்பி மேல. நடுவுல ஒரு ஆளு நின்னு கையைத் தூக்கினாலும் எட்டாத இடைவெளி வேணும். இந்தக் கம்பங்கள்ல பாதி குட்டை, அந்த இடைவெளி கிடைக்கல. எதை மாத்தணும், எது பாரம் தாங்கும்னு அவங்க வந்து பாத்தாத்தான் தெரியும். நான் இப்படியே கட்டி, ஒரு காத்துக்கு மேல் கம்பி அறுந்து ஒயரு மேல விழுந்துச்சுன்னா, போனைத் தூக்குறவங்க கையில கரண்டு பாயும். யாரு தூக்குவா? மாமாதானே தூக்குவாரு?"

காறித் துப்பிட்டு வந்துட்டேன். அவரு படுக்கையில இருந்து, "அவனை ஏசாத பாஞ்சாலை, அவன் சொல்றது சரிதான்"ங்கிறாரு, மூச்சு வாங்கிக்கிட்டே.

அடுத்த வாரமே அவருக்கு மறுபடி இழுப்பு வந்துச்சு. மத்தியானம், பேய் மழை. நான் தேயிலைக் காட்டுல இருந்து ஓடி வர்றேன், டிரெசர் ஊசி போட்டுட்டு முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு. "ஆக்சிஜன் வேணும்மா, பெரியாஸ்பத்திரிக்கு உடனே சொல்லணும்"ங்கிறாரு. இருளப்பன் வாசல்ல நின்னான். திரும்பி மழையில இறங்கிப் போனான். ஆபீசுக்கு.

அவரை மடியில சாய்ச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ரெண்டும் தூக்கித் தூக்கிப் போடுது. "வந்துருவான், இதோ வந்துருவான்"ங்கிறேன். தலையை ஆட்டினாரு. வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. கொஞ்ச நேரத்துல தோள் ஆடுறது நின்னுச்சு. பாவி மனுசன், நான் வாயை மூடாமப் பேசிக்கிட்டே இருக்கேன், கேக்க ஆள் இல்லை.

லோரி சத்தம் அதுக்கப்புறம்தான் கேட்டுச்சு. தம்பி சொட்டச் சொட்ட நனைஞ்சு உள்ள வந்தான். என் மூஞ்சியைப் பாத்தான். "மாமா"ன்னான். நான் அவன் பக்கம் திரும்பல. "என் வாசப்படியை இனி மிதிக்காதே"ன்னு மட்டும் சொன்னேன். சாவு வீட்டுல எல்லாரும் கேக்கத்தான் சொன்னேன். பாடையைத் தூக்கக்கூட அவனை நான் விடல.

பெர்மிட் வந்துச்சு, வராம என்ன. மழை விட்டு ரோடு சரியானதும் ஆளுங்க வந்தாங்க, அளந்தாங்க, குட்டைக் கம்பத்தை எல்லாம் மாத்தினாங்க. கரண்டை நிறுத்தி, சுவிட்சுல பூட்டுப் போட்டு, சாவியை இவன் கையில குடுத்தாங்க. இவன் கம்பம் கம்பமா ஏறிக் கட்டினான். நான் கொழுந்து எடுத்துக்கிட்டே பாத்தேன். அழகாத்தான் கட்டினான், வேலையில குத்தம் சொல்ல முடியாது.

போனை டிரெசர் ரூம்லதான் வச்சாங்க, கட்டி முடிச்ச அன்னைக்கு அவரு ஆள் அனுப்பினாரு. "பாஞ்சாலை, உன் தம்பி ஆபீஸ்ல இருந்து பேசுறான், மொத போன் உன்கிட்டதான் பேசணுங்கிறான்." போனேன். எடுத்துக் காதுல வச்சேன்.

"அக்கா, கேக்குதா?"

அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி.

"இப்ப யாருக்குடா?"ன்னேன். வச்சுட்டேன்.

அந்தப் போனால பொழைச்சவங்க உண்டு, இல்லைங்கல. எங்க லைன்ல இருக்கிற வடிவம்மாளுக்குப் பிரசவம் முடியாமப் போய், போன் அடிச்சு வேன் வந்து, தாயும் பிள்ளையுமா திரும்பி வந்தாங்க. அவ பலகாரம் எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வர்றா, உன் தம்பி புண்ணியம்னு. அடிப்பாவி, யாருகிட்ட வந்து சொல்றா பாருங்க! வாங்கி வச்சேன். தின்ன முடியல.

அவன் பக்கத்து வீட்டுலதான் இருந்தான். தனியா ஆக்கித் தின்னான். மத்தி டின்னை உடைச்சு அரைவேக்காட்டுல கிண்டுவான், வாடை சுவர் தாண்டி வரும். ஒரு கரண்டி குழம்பு கொண்டுபோய்க் குடுக்க எனக்கு எத்தனை நாள் கை துறுதுறுன்னு வந்துச்சு தெரியுமா. குடுக்கல. எதிர்ல வந்தா ஒதுங்கி நிப்பான், நான் போயிடுவேன். இப்பவும் சொல்றேன், அவன் அந்த ஒயரைக் கட்டியிருக்கணும். இப்பவும் சொல்றேன், கட்டாம விட்டதுதான் சரி. ரெண்டும் இந்த ஒரே வாயிலதான் வருது, நான் என்ன பண்ணட்டும்? யாராவது தப்பு பண்ணியிருந்தா மண்ணை வாரித் தூத்திட்டு ஆறியிருப்பேன்.

எம்பத்தாறாம் வருசம் அவனுக்கு நெஞ்சுவலி வந்துச்சு. டிரெசர் போன் அடிச்சாரு, வேன் வந்துச்சு. யாரையும் கேக்காம நானும் ஏறி உக்காந்துட்டேன். தானா ராத்தா ஆஸ்பத்திரியில கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தேன். அவன் மேல கூரையைப் பாத்துக்கிட்டே கிடந்தான்.

"அக்கா"ன்னான்.

"என்னடா."

"அன்னைக்கு நான் நடந்து போகலக்கா. ஓடித்தான் போனேன்."

"தெரியும்டா."

"வளைவுல ஒரு தடவை விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல கொஞ்ச நேரம். அதுலதான் லேட்டாயிடுச்சு."

ஒயரைப் பத்தி அவன் பேசல. பெர்மிட்டைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. இத்தனை வருசமும் இவன் மனசுல கிடந்தது அந்த வளைவுதான். "தூங்குடா, அப்புறம் பேசலாம்"னேன். அவன் தூங்கினான், முழிக்கல.

அவனைக் குளிப்பாட்டும்போது நான்தான் தண்ணி ஊத்தினேன். வலது முழங்கால்ல இந்தா அகலத்துக்கு ஒரு தழும்பு. எலும்பு தெரியக் கிழிஞ்சு, தையல்கூடப் போடாம, அதுவா மூடின தழும்பு. அன்னைக்கு அந்தக் காலோடதான் என் வாசல்ல வந்து நின்னிருக்கான். நான் திரும்பிப் பாக்கல.