ராயபுரம் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

அவளை நான் முதலில் பார்த்தது ராயபுரத்தில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. திரும்பி வரும் காலிப் பெட்டிகளில் ஓட்டை, துரு, நசுங்கல் எல்லாம் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் துருப்பிடித்த கதவு கையைக் கிழித்துவிட்டது. ஏழு தையல். கட்டு மாற்ற தினமும் போனேன். மாற்றிவிட்டவள் அவள்தான்.

மிசோரம்காரி. நர்சிங் படிக்கச் சென்னைக்கு வந்து, முடித்ததும் இங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டவள். தமிழை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. காசிமேட்டு நோயாளிகளிடமும் வார்டு ஆயாக்களிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. முதல் நாளே, "கையை ஆட்டாம குந்து நைனா, இன்னாத்துக்கு பயந்துகினு கீற?" என்றாள். அந்த முகத்திலிருந்து இந்தப் பேச்சு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ பேசும்போது நான் சிரிச்சேனா?"

தையல் பிரித்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தோம்.

எங்கள் வீடு வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு. அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவர். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். நாங்கள் தலித். "எந்த ஏரியா?" என்று ஒருவர் கேட்கும்போது அவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்பதைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவன் நான். அதனால் அவள் படும் அவமானம் எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று நினைத்திருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஷேர் ஆட்டோவில் போவோம். எதிரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்த்து "மோமோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு அது காதிலேயே விழாது. அவளுக்கு விழும். இறங்கியதும் சொல்வாள். "வுடு, சும்மா கலாய்ச்சிக்கினு இருப்பானுங்க" என்பேன். "எனக்குக் கலாய்ச்ச மாதிரி இல்ல" என்பாள். "எங்க ஊர்ல கலாய்க்கிறது இப்படித்தான்" என்று நானே ஒரு தீர்ப்பும் சொல்லி முடித்துவிடுவேன்.

கொருக்குப்பேட்டையில் ஒரு தோஸ்து வீட்டில் காதுகுத்து. அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அவன் என் தோளில் கை போட்டு, "எந்த பார்லர்ல புட்ச்ச மாமு?" என்று கேட்டான். நான் சிரித்தேன். பெரிய சிரிப்பு இல்லை, வாய் கொஞ்சம் கோணியது, அவ்வளவுதான். திரும்பினால் அவள் பின்னால் நிற்கிறாள், கையில் டம்ளரோடு. பார்லர் என்று அவன் சொன்னது எந்த மாதிரி மசாஜ் பார்லரை என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பத்து வருடமாக அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

அவள் டம்ளரை வைத்துவிட்டு வாசல் பக்கம் போனாள். அன்றிலிருந்து என்னவோ ஒன்று எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் பேசுவாள், ஆனால் அவளாகக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. நானும் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்.

அப்படி இருக்கும்போதுதான் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். ஞாயிற்றுக்கிழமை. அவள் சர்ச் முடிந்து நேரே வந்தாள். விம்கோ நகர் மெட்ரோவுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி வீடு. காற்று வரும், தண்ணீர் வரும், என் வேலைக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் மொத்த மளிகைக் கடை வைத்திருப்பவர். தென்மாவட்டத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே வியாபாரம் பண்ணுகிறவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது.

"வாங்க தம்பி, உக்காருங்க. தம்பிக்குச் சொந்த ஊரு எது?"

"மெட்ராஸ்தான் அண்ணாச்சி."

"மெட்ராஸ்ல எங்கன?"

வியாசர்பாடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ராயபுரம்" என்று வந்தது.

"ராயபுரத்துல எல்லா ஆளுகளும் இருக்காவளே. நீங்க என்ன..."

அவர் முடிக்கவில்லை. அவருடைய மனைவி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார்.

"யாரு இந்தப் புள்ள, நேபாளமா?"

"மிசோரம்மா" என்றாள் அவள்.

"அது இந்தியாவுலயா இருக்கு? என்ன கலரு பாருங்களேன்! புள்ள பொறந்தா பாலு மாதிரில்லா பொறக்கும்." சொல்லிக்கொண்டே அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினார். "அங்கெல்லாம் நாய் திங்காவளாமே, நெசமா தம்பி?"

கேள்வி அவளைப் பற்றி. பதில் கேட்டது என்னிடம். நான் உடனே சொன்னேன். "இல்லைங்கம்மா, இவங்க அப்படியெல்லாம் கிடையாது. இங்க வந்து பத்து வருஷம் ஆச்சு. நம்மள மாதிரி சாம்பார், ரசம்தான். மாடு, பன்னி எதுவும் வீட்டுக்குள்ள வராது."

அவள் வீட்டில் பண்டிகைக்குப் பன்றி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாட்டுக்கறி. காலையில்கூட அம்மா அடுப்பில் வைத்துவிட்டுத்தான் என்னை அனுப்பியிருந்தாள். ஒரே மூச்சில் இரண்டு வீட்டையும் இல்லை என்று சொல்லிவிட்டேன். என் பேச்சுகூட மாறியிருந்தது. "வூடு" என்று சொல்லும் வாய் "வீடு" என்று சொன்னது.

அண்ணாச்சி சிரித்தார். என்னிடம் பாதியில் விட்ட கேள்வி அவருக்கு மறந்தே போய்விட்டது. அடுத்த வாரம் வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொன்னார். மாடிப்படி இறங்கும்போது எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன். தப்பித்தோம் இல்லை, தப்பித்தேன்.

மெட்ரோ நடைமேடையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"ஏன் வியாசர்பாடின்னு சொல்லல?"

"சொன்னா வூடு கிடைக்காது."

"ஒரு இடத்துப் பேர். அதச் சொன்னா வூடு கிடைக்காதா? சும்மா பயந்துக்குற நீ."

"உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சது சொல்றேன் கேளு. அவர் உன்ன ஒரு கேள்வி கேட்டார். நீ பயந்து என்ன முன்னால தள்ளிவிட்ட. அந்தம்மா என்னப் பாத்துக்கினு இருந்தப்போ உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு."

பொய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அது பொய் இல்லை. பொய் இல்லாததால் கோபம் இன்னும் ஏறியது.

"நல்ல கலர்னுதான சொன்னாங்க? அது உனக்கு அசிங்கமா? என்னை ஸ்கூல்ல கரிமூட்டைன்னு கூப்ட்டானுங்க. வாத்தியாரே கூப்ட்டார். ஒருத்தனாச்சும் எனக்கு நல்ல கலர்னு சொல்லியிருப்பானா?"

"நல்ல கலர்னு சொல்லிட்டு அடுத்த நிமிஷமே நாய் துன்றியான்னு கேட்டா, அது இன்னா நல்ல கலர்?"

பக்கத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு வாரமாக ஒரு விஷயத்தை உள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவள் போனில் ஏதோ ஒரு படத்தைத் தேடும்போது, அவள் அம்மாவுக்கு அனுப்பிய என் போட்டோ கண்ணில் பட்டிருந்தது. மெரினாவில் எடுத்தது. அதில் நான் கோதுமை நிறத்தில் இருந்தேன். கடல்கூட வெளுத்துப் போயிருந்தது. சமவெளி ஆட்களை மிசோக்கள் "வாய்" என்று சொல்வார்கள் என்றும், அதை நல்ல அர்த்தத்தில் மட்டும் சொல்வதில்லை என்றும் அவளே ஒரு தடவை சொல்லியிருந்தாள்.

"நான் உன்ன முன்னால தள்ளினேன் சரி. நீ என்ன பண்ண? உங்கம்மாவுக்கு என்னை வெள்ளையடிச்சு அனுப்பின."

அவள் முகம் சட்டென்று அடங்கிப்போனது. ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது. நாங்கள் ஏறவில்லை.

"ஆமா" என்றாள். "நான்தான் பண்ணேன்." அடுத்த ரயிலில் தனியாக ஏறிப் போய்விட்டாள்.

ஐந்து நாள் பேச்சு இல்லை. யார்டில் பெட்டிக்குள் நின்றுகொண்டு எந்தப் பெட்டியைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று குழம்பினேன். வீட்டில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் மருமவ மைதா மாவு மாதிரி கீறா, நீ பாத்தியா?" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். முன்பு இதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அம்மாவுக்கு எதற்கென்று புரியவில்லை. "நல்லதுதானடா சொன்னேன்?" என்றாள். அண்ணாச்சி மனைவியும் நல்லதுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் டியூட்டி முடியும் நேரத்துக்கு மருத்துவமனை வாசலில் போய் நின்றேன். "நாளைக்கு அண்ணாச்சி கடைக்குப் போய் உண்மையைச் சொல்லப்போறேன்" என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன். சொன்னா ஒண்ணும் ஆவாது பாரு" என்றாள்.

சனிக்கிழமை காலை. கடையில் அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் ஸ்டூல் போடச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணாச்சி, அன்னிக்கு ராயபுரம்னு சொல்லிட்டேன். எங்க வூடு வியாசர்பாடி. போர்டு வூடு. சின்ன வயசுலேர்ந்து அங்கதான்."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "அதுக்கென்ன தம்பி? இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்கா? நாங்க அப்படிப் பாக்கறவுக இல்ல. குடிங்க" என்று இரண்டு பேருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். தெருமுனை திரும்பியதும் அவள் என் கையில் ஒரு அடி கொடுத்தாள். "பாத்தியா? நான் சொன்னேன்ல?"

தேரடி பக்கம் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, தப்பா நெனைக்காதீய. எம் மச்சான் மவன் திடீர்னு வேலைக்குன்னு இங்க வாரான். சொந்தக்காரன், மாட்டேன்னு சொல்ல முடியல. நீங்க வேற நல்ல வீடா பாத்துக்கிடுங்க. கடைப்பக்கம் வந்தா வாங்க, என்ன?"

அவள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "நெசமாவே மச்சான் பையனா இருக்குமோ?" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். கேட்ட அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"ஆனா அவர் கோவப்படவே இல்லையே. சோடா எல்லாம் குடுத்தாரே."

"அதான்" என்றேன்.

கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டாள். "என்கிட்ட மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. உன்கிட்ட கேக்கறதுகூட இல்ல" என்றாள் கடைசியில். அழுகையை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "பார்லர்னு கேட்டப்போ நான் சிரிச்சேன். அது தப்பு" என்றேன். மூன்று மாதம் கழித்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்து அவள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். கடை வெளிச்சத்தில், வேர்த்து வடிந்த முகத்தோடு என்னைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் அம்மா நிறைய நேரம் பார்த்தார். மிசோவில் என்னவோ சொன்னார். இவள் வெடுக்கென்று பதில் சொன்னாள். என்ன என்று கேட்டேன். "போட்டோல இருந்தவன் இவனில்லைன்னு சொல்றாங்க. இவன்தான்னு சொன்னேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை, அவள் தம்பியைத்தான் அனுப்பினார். பதிவு அலுவலகத்தில் என் அம்மா அந்தத் தம்பியைக் கட்டிப்பிடித்து ஒரு வழி பண்ணிவிட்டாள்.

இப்போது எர்ணாவூரில் இருக்கிறோம். மறுகுடியமர்த்தல் குடியிருப்புகளுக்குப் பக்கத்துத் தெரு. எந்த ஏரியா என்று யாரும் கேட்கவில்லை. அவளைச் சைனா அக்கா என்று கூப்பிடுகிறார்கள். ஒரு தடவை ஷேர் ஆட்டோவில் ஒருத்தன் அவளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். இந்தத் தடவை என் காதில் விழுந்தது. அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பெரிய பேஜாராகி, ஆட்டோவை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

"அடிக்கச் சொன்னேனா நான்? அவன் நாளைக்கும் இதே ரூட்லதான் வருவான். தனியா வரப்போறது நான்."

இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். ஒருத்தருக்கு வலித்தது என்றால் மற்றவர் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. நெசமாவா, அப்படித்தான் சொன்னாங்களா, நீ சரியாக் கேட்டியா, எதுவும் கேட்கக் கூடாது. அவள் இதில் கெட்டி. நான் பாதி நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், மீதி நாள் கேட்டுவிட்டுத் திட்டு வாங்குகிறேன்.