கயிறு மாமா கையில் இருந்தது

கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியாக மின்சாரம் வந்த புதிது. விளக்கு எரிவதைப் பார்ப்பதற்கென்றே பூதிகோட்டை, பேத்தமங்கலா பக்கத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம். அந்த ஊர் மைதானத்துக்கு மேலே, ஒரு மழைக்காலத்து மத்தியானம், வானத்தில் தொங்கிக்கொண்டு நான் உயிருக்குப் பயந்தேன். இன்று விமானம் தலைக்கு மேல் போனால் எங்கள் தெருப் பிள்ளைகள் குதிக்கிறார்கள். "நானும் பட்டாளத்துல பறந்தவன்தாண்டா" என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

நான் பெங்களூர் பட்டாளத்தில் பலூன் பிரிவில் இருந்தேன். விமானம் என்ற பேச்சே அப்போது கிடையாது. எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்க, பெரிய பலூனில் வாயுவை அடைத்து, கீழே கூடை கட்டி, அதில் ஆளை ஏற்றி மேலே விடுவார்கள். பலூன் பறந்து போகாமல் இருக்க ஒரு கம்பிக் கயிறு. கயிற்றின் மறுமுனை தரையில் நிற்கும் மாட்டு வண்டியில், விஞ்ச் உருளையில் சுற்றியிருக்கும். பிரேக்கைத் தளர்த்தினால் பலூன் தானே கயிற்றை இழுத்துக்கொண்டு ஏறும். கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை உருளையில் சேர்த்தால் இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

என்னை அதில் ஏற்றியது வீரத்துக்காக இல்லை, எடைக்காக. அக்கா எவ்வளவு சோறு போட்டாலும் உடம்பில் ஒட்டாத தேகம் எனக்கு. எங்கள் வெள்ளைக்காரத் துரையை ஏற்றினால் முக்கிக்கொண்டு போகும் பலூன், என்னை ஏற்றினால் ஜிவ்வென்று கிளம்பும். முதல் தடவை மேலே போனபோது ஒரு பருந்தின் முதுகைப் பார்த்தேன். அதுவரை பருந்துக்கு வயிறு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பலூன் மாட்டுக் குடல் தோலில் செய்தது என்று அக்காவிடம் உளறிவிட்டேன். "கருமம், குடலுக்குள்ள பூந்துகினு ஆகாசத்துக்குப் போறானாம்" என்று அவள் என்னைக் கிணற்றடியில் குளிக்க வைத்துத்தான் வீட்டுக்குள் விட்டாள்.

அக்கா வீடு தங்கவயலில், தொழிலாளர் லைனில் ஒரு தட்டி வீடு. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர்கள் அக்காவும் மாமாவும்தான். வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பம். மாமாவுக்குத் தங்கச் சுரங்கத்தின் ஒரு சின்ன ஷாஃப்டில் விஞ்ச் வேலை. ஆளையும் மரத்தையும் தொட்டியில் வைத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மறுபடி தூக்குவார். எனக்கும் அங்கேயே வேலை பேசி வைத்திருந்தார். நான் ஒரே ஒரு நாள் இறங்கினேன். அந்த இருட்டும் வெக்கையும் என்னை என்னவோ செய்துவிட்டன. மறுநாளே பெங்களூருக்கு ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துகொண்டேன். அன்றோடு மாமா என்னிடம் பேச்சை நிறுத்தினார். லீவில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். "உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் துவையலா அரையறேன்" என்று அக்கா புலம்புவாள். எனக்கும் ரோஷம். போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பிரிவு அணிவகுப்புக்காக அந்தப் பக்கம் வந்தபோது, சுரங்கத்துத் துரைமார்கள் பலூனைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். விஞ்ச் சுற்ற ஆள் வேண்டும் என்று கேட்டதற்கு, பழக்கப்பட்ட கைகள் இங்கேயே இருக்கின்றனவே என்று சுரங்கத்திலிருந்து சிலரை அனுப்பினார்கள். பிரேக்குக்கு வந்து நின்றவர் எங்கள் மாமா.

பள்ளத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் கால் வைக்கும் முன் ஆள் விஞ்ச்காரரைப் பார்த்து, "ஏறறேன்" என்று சொல்ல வேண்டும். அவர், "ஏறு, கயிறு என் கையில" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் யாரும் ஏற மாட்டார்கள். மனஸ்தாபம் இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு விலக்கு இல்லை. நான் கூடையில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றேன். மைதானம் முழுக்க ஜனம். அக்காவும் எங்கோ அந்தக் கூட்டத்தில்.

"மாமா, ஏறறேன்" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். "ஏறு. கயிறு என் கையில" என்றார். அத்தனை வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

காலையில் எங்கள் ஹவில்தார் சுரங்கத்து ஆட்களுக்குப் பாடம் சொல்லியிருந்தார். மேலிருந்து கொடியை இரண்டு தடவை தாழ்த்தினால் ஆளை இறக்க வேண்டும், அதாவது கயிற்றைச் சுற்ற வேண்டும். முதல் தடவை ஏறி இறங்கினேன், ஒரு குறையும் இல்லை. துரைமார்கள் கைதட்டி இன்னொரு தடவை கேட்டார்கள். அந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் காற்று திரும்பியது.

பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து கருத்துக்கொண்டு வந்தது மேகம். கூடை ஊஞ்சல் மாதிரி ஆடியது. கீழே புழுதி. மாடுகள் மிரண்டு வண்டியை இழுக்க, ஹவில்தாரும் சிப்பாய்களும் சக்கரங்களைப் பிடித்துத் தொங்கினார்கள். நான் கொடியை இரண்டு தடவை தாழ்த்தினேன். கயிறு குறையவில்லை. நீண்டது. இன்னும் மேலே போனேன். மறுபடியும் தாழ்த்தினேன். மறுபடியும் மேலே.

வாயுவைத் திறந்துவிட்டு இறங்கலாம் என்றால், காற்று என்னைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கம் முழுக்கப் புகைபோக்கிகள். தீப்பிடிக்கிற வாயு, ஒரு பொறி பட்டால் பலூனும் இல்லை, நானும் இல்லை. உருளையில் மிச்சமிருந்த கயிறு தீர்ந்து வெடுக்கென்று இழுத்தால் அறுந்தே போகும். மாமா பழி தீர்க்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்வானேன். அடுத்த கணமே புரிந்துவிட்டது. பள்ளத்தில் சிக்னல் மணி இரண்டு அடித்தால், ஆளை இறக்கு என்று அர்த்தம். அதற்கு அங்கே பிரேக்கைத் தளர்த்த வேண்டும். ஹவில்தார் காலையில் சொன்ன பாடம் பயத்தில் பறந்துபோய், இருபது வருஷப் பழக்கம் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் மனுஷன் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு நாள் இறங்கிய பள்ளம் அப்போது எனக்குக் கை கொடுத்தது. மணி மூன்று அடித்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று அடித்தால், தூக்கு. கொடியை மூன்று தடவை தாழ்த்தினேன். நிறுத்தினேன். இன்னொரு தடவை தாழ்த்தினேன்.

கயிறு நின்றது. பிறகு, மெதுவாக, கூடைக்குக் கீழே ஒரு இழுப்பு தெரிந்தது. மைதானம் கொஞ்சம் பெரிதானது. மனிதர்களுக்குக் கை கால் முளைத்தன. மழை பிடித்துக்கொண்டது. நான் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

தரையில் கால் வைத்தபோது மாமா கைப்பிடியை விடவே இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அக்கா ஓடிவந்து என்னை ஒரு அறை விட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, இறக்கச் சொன்னா ஏத்தினீங்களே" என்றேன்.

"இன்னாமோ ஆயிடுச்சி மச்சான்" என்றார். "அந்த மூணு தபா கொடியப் பாத்தேன். அப்புறம் நீ மேல கீறன்னே நெனப்பு இல்ல. நம்ம புள்ள பள்ளத்துல கீறான், தூக்கணும்னு சுத்துனேன். அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "பள்ளத்துக்கு வரமாட்டேன்னு ஓடுன. சிக்னல மட்டும் மறக்கல போல" என்றார். அக்கா சிரித்தாள். அன்று ராத்திரி மாமாவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம், அவர் கையால் சாப்பிட முடியாததால் நான்தான் ஊட்டிவிட்டேன்.

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் ஏறியிருக்கிறேன். என்னென்னவோ பார்த்திருக்கிறேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு தங்கவயலுக்கே திரும்பி வந்தபோது மாமா படுக்கையில் இருந்தார். மூச்சு முட்டும் நோய், அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் வருவதுதான். கடைசி நாளில் கண்ணை மூடியபடி, யாரையோ பார்த்துச் சொல்வதுபோல, "ஏறறேன்" என்றார். அக்காவுக்குப் புரியவில்லை, தண்ணீர் கேட்கிறார் என்று எழுந்து ஓடினாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏறுங்க மாமா, கயிறு என் கையில" என்றேன்.

விமானச் சத்தம் கேட்டு இன்றைக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அண்ணாந்து பார்க்கிறேன், அதை ஓட்டுகிற பையனுக்குத் தரையிலிருந்து யாராவது ஒருவர் அந்தப் பதிலைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டுமே என்று.