அப்பாவுக்குப் பேச்சுத் துணை

ஆடி மாதம் வந்தால் எங்கள் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். தங்கச் சுரங்கத்து லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் வேலூர்ப் பக்கம் தங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். கூழ் ஊற்றுவது, தீ மிதிப்பது எதுவும் எங்களுக்குக் கிடையாது. திருவிழா இல்லாதவனுக்கு லீவு எதற்கு என்று லாரி ஷெட் சூப்பர்வைசர் மற்றவர்களின் ஷிப்டையும் அப்பா தலையில் கட்டிவிடுவார். அவர் பொல்லாதவர் இல்லை. தினமும் டயரைத் தட்டிப் பார்ப்பார், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், ஹாரனைக்கூட அடித்துப் பார்ப்பார். ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, வீட்டுக்கு ஒரே பெண். இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, டீயைக் குடித்த கையோடு மறுபடி கிளம்பினார். ரயிலில் வந்திறங்கிய முட்டுக்கொடுக்கும் மரங்களைப் பாலகாட் சுரங்கத்தில் சேர்க்க வேண்டுமாம். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள்.

"போவலன்னா வேலையே பூடும்மே" என்றார் அப்பா.

அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை வாரினாள்.

"பாப்பாவையும் இட்னு போங்க. பேச்சுத் துணையா இருக்கும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் லாரிச் சவாரி! மரத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் டீச்சர் அடித்தது, பூனை குட்டி போட்டது என்று வாய் ஓயாமல் பேசினேன். அப்பா 'ம்' கொட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் அதுவும் நின்றது. திடீரென்று லாரி சாலையை விட்டு இறங்கி, ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மேலே ஏறியது.

"இன்னொரு வாட்டிப்பா!" என்று கைதட்டினேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். சவாரி கெட்டதே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

வெயில் ஏறிய பிறகு சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா இது? அங்க சொரங்க ஷாப்டாண்ட ஆளுங்க மரத்துக்குக் காத்துனு கீறாங்க!"

"கண்ணு சொருகிச்சு சார். புள்ள கூட கீது, அதான் நிறுத்திட்டேன்."

அவர் காதில் 'புள்ள' மட்டும்தான் விழுந்தது. கம்பெனி வண்டியில் வீட்டு ஆளை ஏற்றக் கூடாது. அந்தக் குற்றத்துக்காக அப்பாவை ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று நிறுத்திவைத்தார்கள். இரண்டு ஷிப்ட் தூங்காமல் ஓட்டவைத்தது யார் குற்றம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அப்பா தூங்கினார். ஒரு வாரச் சம்பளம் போயிற்றே என்று அம்மா அழுவாள் என நினைத்தேன். அவளோ அவர் தூங்குவதைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு விவரம் போதாது என்று எனக்குத் தோன்றியது.

பேச்சுத் துணைக்குத்தான் என்னை அனுப்பினாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். தன் உயிருக்காக வண்டியை நிறுத்தாத மனிதர், பக்கத்தில் நான் இருந்தால் நிறுத்துவார் என்று அவள் நம்பியிருக்கிறாள். ஒருவேளை நிறுத்தாமல் போயிருந்தால்? இருவரையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அந்தக் காலையை அவள் எப்படிக் கழித்தாளோ!