விட்டு வாசித்த வரிகள்

என் அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சுங்காய் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு லோரியில் ஏறியவர். மலாய் மொழியில் யாரையும் மடக்கிப் பேசுவார். செம்பனைக் குலை ஏற்றிய லோரியை எந்தச் சேற்றிலிருந்தும் வெளியே எடுத்துவிடுவார். ஆங்கில எழுத்தைக் கண்டால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நான் அவருக்கு நேரெதிர். குனோங் ராபாட்டில் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுத்துத்தான் பிழைக்கிறேன்.

அண்ணனின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். மையம் புந்தோங்கில். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். அண்ணிக்குக் காலையில் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. எனக்குப் பிள்ளைகள் வருவது மாலையில். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத்துணை கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பேச்சு எத்தனை நாளைக்கு வரும்? இரண்டாவது வாரத்திலேயே சொந்தக்காரர்கள் எல்லாரையும் கிழித்துத் தொங்கப்போட்டு முடித்துவிட்டோம். அப்போதுதான் கோலாலம்பூரில் படிக்கும் என் மகள் என் டேப்லெட்டில் ஒரு கேமைப் போட்டுக் கொடுத்தாள்.

"ஓடறது, சுடறது ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் எழுத்துதான். மாமாவுக்குப் படிச்சுச் சொல்லுங்க."

உண்மையில் அது எழுத்துதான். மலையடியில் ஒரு ஊர். அணை கட்டப்போகிறார்கள், ஊர் தண்ணீருக்குள் போகப்போகிறது. நாம் அரசாங்கக் குமாஸ்தா. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி எல்லாரையும் கிளப்ப வேண்டும். பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். கடைசியில் நாம் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று வரிகள் வரும். எந்த வரியைத் தொடுகிறோமோ கதை அந்தப் பக்கம் போகும். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். அண்ணனுக்கு ஒரு கையில் ஊசி. இன்னொரு கையைத் தூக்கி ஒரு விரலோ இரண்டு விரலோ காட்டுவார்.

வம்பு ஒரு படகுக்காரக் கிழவரிடம் ஆரம்பித்தது. அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். சட்டத்தை எடுத்துச் சொல்லலாம், புது வீட்டைப் பற்றிச் சொல்லலாம், திரும்பிப் போகலாம். மூன்றையும் வாசித்தேன். அண்ணன் விரலைத் தூக்கவில்லை.

"சாப்டாச்சான்னு கேளு."

"அது இல்லண்ணே. மூணுதான் இருக்கு."

"என்னா கேம்லா இது? ஒரு மனுசன் வீட்டுக்குப் போயி சாப்டியான்னு கேக்க முடியாதா?"

அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் வளர்ந்த தோட்டத்தை முதலாளி விற்றபோது தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்ல ஓர் ஆள் வந்தான். போட்ட நாற்காலியில் உட்காரவில்லை, கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை, வாசலில் நின்றபடியே தேதியைச் சொல்லிவிட்டுப் போனான். இப்போது கேமில் அண்ணனே அந்த ஆள். இந்தத் தடவையாவது ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று பார்க்கிறார். எழுதியவர்களோ அதற்கு ஒரு வரி வைக்கவில்லை.

"சரி, கேட்டுட்டேன்" என்றேன் நான், திரையைப் பார்த்தபடி. "நேத்து வச்ச மீன் கொழம்பு இருக்கு, நீயும் உக்காருன்றாரு."

அண்ணன் சிரித்தார். மையத்து நாற்காலியில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து கதை இரண்டானது. திரையில் ஒன்று, நான் சொல்வது ஒன்று. கிழவரைப் போலீசை வைத்து இழுத்துவரலாம் என்று ஒரு வரி வந்தது, வாசிக்காமல் விட்டேன். அணை நிரம்பிய அன்று கிழவர் வீட்டோடு முழுகிப்போனார், அதையும் விட்டேன். என் கதையில் அவர் படகோடு மேட்டுக்கு வந்து, மகள் வீட்டில் தங்கி, மருமகனோடு தினம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முன்பே கேம் முடிந்துவிட்டது. நான் பழைய பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்துகொண்டே இருந்தேன்.

பிள்ளைகள் ஒரு வரியைத் தாண்டி வாசித்தால் ஸ்கேலால் மேசையைத் தட்டுகிறவள் நான். ஆனால் அந்த மாதங்களில், ஊசி ஏற்றுவதற்காக அண்ணனின் கையில் இணைத்துத் தைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இன்னொரு கையில் தைத்தார்கள், அதுவும் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள், அதில் கிருமி வந்தது. சபையில் ஜெபித்தார்கள். நான் மையத்துக்கும் மருத்துவமனைக்கும் கார் ஓட்டினேன். என்னால் எதையும் நிறுத்த முடியவில்லை. ஒரு கிழவரை மட்டும் சாகாமல் வைத்துக்கொள்ள முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை புதிதாக வந்திருந்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னதால் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடந்தது. அண்ணனின் இருதயமும் இப்போது பலவீனமாம். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். தொடையில் குழாய் வைத்துப் பார்க்கலாம். வயிற்றில் சின்ன அறுவை செய்து வீட்டிலேயே சுத்திகரிக்க முயலலாம். அல்லது எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த வாரம் தானே அண்ணனிடம் கேட்பதாகவும், அதற்குள் குடும்பத்தில் பேசி வைக்கும்படியும் சொன்னார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாற்காலிக்குத் திரும்பி வந்து தாளை விரித்தேன். தொடையைச் சொன்னேன். வயிற்றைச் சொன்னேன். மடித்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணே."

அண்ணன் என்னையே பார்த்தார்.

"நீ படிக்கிறப்ப கண்ணு இப்புடி அப்புடி ஓடும். சொந்தமா சொல்றப்ப ஒரே எடத்துல நிக்கும். அந்தப் படகுக்காரன் செத்துட்டான்ல?"

எனக்குக் காது சுட்டது. டியூஷனில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சுண்ணே."

"பரவால்ல லா. நீ சொன்னதுதான் நல்லா இருந்துச்சு." கையை நீட்டித் தாளைத் தட்டினார். "இதுல எத்தன இருக்கு?"

"மூணு."

"மூணாவதப் படி."

படித்தேன். படகுக்காரருக்காக அவ்வளவு சரளமாக வந்த தமிழ் அப்போது வரவில்லை. சுத்திகரிப்பை நிறுத்துவது, வீட்டுக்குப் போவது, வலி தெரியாமல் மருந்து, ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம். ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் போட்டேன். அண்ணன் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் மேலே வரவில்லை.

"எனக்கு வீட்டுக்குப் போலாம்னு இருக்கு" என்றார். "ஆனா உங்கண்ணி தாங்க மாட்டா. நீயே சொல்லு தங்கச்சி. நீ சொல்றதச் செய்றேன்."

"ஒண்ணு" என்றேன். யோசிக்கவே இல்லை. கிழவரைக் காப்பாற்றிய அதே வேகத்தில் வந்தது அது.

"சரி" என்றார்.

மறுவாரம் டாக்டர் கேட்டபோது மலாயில் "நொம்போர் சாத்து" என்றார், முதலாவது என்று. தானே எடுத்த முடிவு மாதிரி தெளிவாகச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

தொடையில் குழாய் வைத்தார்கள். கால் வீங்கியது, காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் வார்டிலேயே கிடந்தார். வலியில் அவர் அம்மாவைக் கூப்பிட்டதை நான் கேட்டேன். கடைசி நான்கு நாள் கண் திறக்கவில்லை. வீட்டுக்கு வரவே இல்லை.

அடக்க ஆராதனைக்கு முன்னால், தான் பிரசங்கத்தில் பேசுவதற்காக அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி பாஸ்டர் என்னிடம்தான் கேட்டார். மூன்று வழி இருந்தது, நிறுத்திக்கொள்ளவும் வழி இருந்தது, அண்ணன் தயங்காமல் முதலாவதைக் கேட்டார் என்று சொன்னேன். பாஸ்டர் அதை அப்படியே மேடையில் சொன்னார். ஜீவனும் மரணமும் முன்னால் இருந்தபோது இந்தச் சகோதரன் ஜீவனையே தெரிந்தெடுத்துக்கொண்டார் என்றார். பின்வரிசையில் யாரோ ஆமென் சொன்னார்கள்.

பக்கத்தில் இருந்த அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகத்தாம்மா அவரு கடேசி வரைக்கும் விடல."

"ஆமாண்ணி" என்றேன்.

இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்கிறாள். அதை வைத்துத்தான் எழுந்து நடமாடுகிறாள் என்பது எனக்குத் தெரிகிறது. நானும் ஆமாண்ணி என்கிறேன். அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.