இரைப்பையின் இரண்டாம் பதிப்பு

என் இரைப்பை ஏற்கெனவே ஒருமுறை வெட்டித் தைக்கப்பட்டது. ஆறாண்டுகளுக்கு முன், சென்னையில், வயிற்றில் ஐந்து சிறு துளைகள் இட்டு, இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒரு வாழைக்காயின் பருமனுக்குக் குறுக்கினார்கள். ஓராண்டில் முப்பத்தொரு கிலோ குறைந்தேன். கல்லூரியில் என் மாணவிகள் சிலர் என்னை யாரோ புதியவள் என்று எண்ணி வணக்கம் சொல்லாமல் கடந்து போனார்கள். அந்த அவமதிப்பைப் போல் இன்பம் தந்த வேறொன்றை நான் அறியேன். அடுத்த ஐந்தாண்டுகளில் இருபத்தாறு கிலோ திரும்பி வந்தது. மொத்தமாக வந்திருந்தால் வாசலிலேயே தடுத்திருப்பேன். சம்பந்தி வீட்டார் வருவதுபோல் ஒவ்வொருவராக, பெட்டியை ஓசைப்படாமல் இறக்கிவைத்து, வந்து தங்கிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் கனடாவில் இருக்கும் என் ஒரே மகள் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தாள். பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் வயலை அடைமானம் வைத்தாவது, கடவுச்சீட்டைப் புதுப்பித்தாவது, போய்விடுவார்கள். அவள் வீடோ மூன்று அடுக்கு. படுக்கை மேலே, அடுப்பு நடுவே, துணி துவைக்கும் பொறி நிலத்துக்குக் கீழே. குழந்தை ஓரடுக்கில் அழும். அதன் துணி இன்னோரடுக்கில் காயும். இடையே ஏறி இறங்க வேண்டிய என் முழங்கால்கள், எங்கள் வீட்டு வாசற்படி மூன்றுக்கே கர்த்தரை அழைத்தன.

தஞ்சாவூரில் எலும்பு மருத்துவர், "எடை குறையாம முட்டியில கைவைக்க மாட்டேன்" என்றார். திருச்சியில் எடை மருத்துவர், முதல் அறுவையைத் திருத்தி இரண்டாம் அறுவை செய்யலாம் என்றார். எஞ்சிய இரைப்பையைக் குடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைத்துவிடுவார்களாம். பழைய தழும்புகள் இருப்பதால் இதில் ஆபத்து முன்னதைவிடச் சற்றுக் கூடுதல். இம்மாதத்துக்குள் செய்தால் பேறுகாலத்துக்குள் தேறி, எடையும் குறைந்து, விமானம் ஏறலாம். தள்ளிப்போட்டால் இவ்வாண்டு கனடாவை மறந்துவிடலாம். முடிவெடுக்கப் பதினைந்து நாள் தந்தார். அந்த நாள்களில் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் எழுதிவரும்படியும் சொன்னார்.

மஸ்கட்டில் பதினான்கு ஆண்டுகள் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்து திரும்பி, இப்போது பயிர் செய்யும் என் கணவர், இதைக் கேட்டதும் சொன்ன முதல் வார்த்தை, "திருத்திய இரண்டாம் பதிப்பா?"

"உங்க கருத்தைக் கேட்டேன்."

"முதல் பதிப்பு நல்லாத்தான் இருந்துச்சு. படிச்சவங்கதான் சரியில்ல."

மகள் காணொளியில் சீறினாள். "எனக்குப் பிள்ளை பாக்க வர்றதுக்காக நீ வயித்தை அறுத்துக்கிட்டு வரவேணாம். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இங்க வயித்தைத் தள்ளிக்கிட்டு என்ன பண்ணுவேன்?" அது நியாயமான கேள்வி. ஆகவே, "பெரியவங்க பேசுறப்ப குறுக்கே பேசாதே" என்றேன். அவளுக்கு முப்பது வயது.

இந்நிலையில் நான் ஒரு பிழை செய்தேன். முடிவெடுக்கத் தெளிவு வேண்டும் என்று எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியிடம் தனிமையில் சொன்னேன். அவர் அதைச் செபக் குறிப்பாக ஏற்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஒலிபெருக்கியில், "நம் அன்புச் சகோதரியின் இரைப்பைக்காக மன்றாடுவோம்" என்றார். ஆண்கள் வரிசையும் சேர்ந்து மன்றாடியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. யாவரும் என் வயிற்றைப் பார்த்து நலம் விசாரித்தார்கள். சீர்காழியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் அதை மெல்லத் தட்டியும் கொடுத்தார். பிறகு தேநீர் வந்தது. சற்றுமுன் என் இரைப்பைக்காக உயர்ந்த அதே கைகள் எனக்கு மூன்று உளுந்துவடைகளை நீட்டின. அன்றைய பதிவில் மூன்றையும் எழுதினேன்.

ஏனெனில் பதிவை நான் மிகுந்த நேர்மையோடு எழுதினேன். முப்பதாண்டுகளாகப் பிறர் எழுத்தில் பிழை தேடி ஊதியம் வாங்குபவள் தன் எழுத்தில் பொய் கலக்கக் கூடாது. கோடிட்ட குறிப்பேட்டில், நாள்தோறும், 'திண்மம்' என்றும் 'நீர்மம்' என்றும் இரு பத்தியாகப் பிரித்து எழுதினேன். காலை இட்டிலி ஒன்று, அதிலும் பாதி எஞ்சியது. பகல் சோறு ஓர் உள்ளங்கை அளவு; கீரை; மீன் ஒரு துண்டு. இரவு தோசை ஒன்று. எதிர்ப்பத்தியில் மோர் ஐந்து குவளை. படித்துப் பார்த்தபோது, இவ்வளவு குறைவாக உண்டும் பருத்துக்கொண்டே போகும் அந்தப் பெண்மீது எனக்கே இரக்கம் பிறந்தது.

பதினைந்தாம் நாளுக்கு நான்கு நாள் முன்னதாக, திங்கட்கிழமை, திருச்சிக்குப் போனோம். மருத்துவரின் அருகில் உணவு ஆலோசகர் அமர்ந்திருந்தாள். என் மகளைவிட இளையவள், சென்னைக்காரி. என் குறிப்பேட்டை இருமுறை புரட்டினாள்.

"மேடம், இவ்ளோதானா சாப்பிடுறீங்க?"

"இவ்வளவுதான்."

"உண்மையா?"

"எழுத்தில் இருக்கிறதே."

மருத்துவர் என் இரைப்பையின் ஊடுகதிர்ப் படத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். பை அவ்வளவாக விரியவில்லை என்றார். உணவும் குறைவு, பையும் சிறிது; எனில் இரண்டாம் அறுவைதான் வழி. நாள்காட்டியை எடுத்து, "வர்ற வாரம் ஒரு தேதி இருக்கு" என்றார். சரி என்று சொல்லவே வாய் திறந்தேன்.

அப்போது என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டாக்டர், மன்னிச்சுக்குங்க. மணி பதினொண்ணு. இவங்க மோர் குடிக்கிற நேரம்" என்று சொல்லி, பையிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்து, மூடியைத் திறந்து, குவளையில் சாய்த்தார்.

உணவு ஆலோசகர் தலையை நிமிர்த்தினாள். "சார், மோர் ஊத்துனா 'தொப்'புனு சத்தம் வருமா?"

இவ்விடத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காலையில் வடித்த சோற்றில் ஒரு பங்கை எடுத்து, உப்பிட்டு, கையால் நன்றாகப் பிசைந்து, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, பதினோரு மணிக்குக் குடிப்போம். வயலில் இருப்பவர் வரப்பில் நின்று குடிப்பார். நான் ஆசிரியர் அறையில் நின்று குடிப்பேன். அதைக் குடித்தவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "இன்னும் இல்லீங்க" என்பதே மெய்யான விடை. தட்டில் வருவது உணவு. குவளையில் வருவது தாகத்துக்கு. சென்னை மருத்துவமனை தந்த தாளில், திண்மம் ஒரு கைப்பிடிக்கு மிகக் கூடாது என்றும், நீர்மத்தை நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருக வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் ஆறாண்டுகள் வழுவாமல் கடைப்பிடித்தேன்.

"அதுல சோறு இருக்கா மேடம்?"

என் கணவர் வியப்போடு சொன்னார்: "சோறு இல்லாம வெறும் மோரை எதுக்கும்மா குடிக்கணும்?"

மருத்துவர் நாள்காட்டியை மூடினார். செவிலியை அழைத்து ஒரு வடிகட்டி கேட்டார். அவள் சிற்றுண்டிச் சாலையிலிருந்து தேநீர் வடிகட்டும் சிறுவடியைக் கொண்டுவந்தாள். தூக்கிலிருந்ததை அதில் ஊற்றி, நீரை இறக்கிவிட்டு, தங்கியதைத் தட்டில் கவிழ்த்தார்கள். சிறுவடி உடனே நிரம்பிவிட்டதால் மீண்டும் கவிழ்த்தார்கள். ஒன்பது முறை கவிழ்த்தார்கள். இடையில் செவிலி இன்னொரு தட்டு எடுத்துவரப் போனாள். மேசைமேல் சோறு மேடிட்டு எழுந்தது. ஐந்தாம் கவிழ்ப்பில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் கணவர் மட்டும் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, "பழைய பொன்னி. நல்லா வெந்திருக்கு" என்றார்.

"இது எத்தனை டம்ளர் சார்?" என்றாள் உணவு ஆலோசகர்.

"ரெண்டு. மீதி மூணு வீட்டுல இருக்கு."

மருத்துவர் நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தோளில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். "அம்மா, ரெண்டாவது ஆபரேஷன் பண்ணலாம். தப்பில்ல. எடையும் குறையும். ஆனா அந்த வயித்துக்கும் பதினோரு மணியாகும்."

வழிகள் இரண்டு என்றார். ஒன்று அறுவை. மற்றொன்று, குவளையை விட்டுவிட்டு, எதையும் தட்டில் இட்டு, அளவாக, ஒவ்வொரு வாயையும் முப்பது முறை மென்று உண்பது; மூன்று மாதம் பார்ப்பது. ஆனால் அது பலிக்காவிட்டால், அதன்பின் அறுவை செய்து பேறுகாலத்துக்குள் தேற நேரம் இராது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தத் தேதியை உங்களுக்கு வச்சிருக்கேன். முடிவு உங்களோடது."

திரும்பும் வழியில் என் கணவர் திருவெறும்பூர் வரை அடக்கிக்கொண்டார். அதன்பின் தஞ்சாவூர் வரை சிரித்தார். நடுவே ஒருமுறை வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்று சிரித்துவிட்டு வந்து ஏறினார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாணம் ஒருபுறம் இருக்க, எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது. அதை அன்றுதான் உணர்ந்தேன். அறுவையை நான் அஞ்சினேன், மெய்தான். ஆனால் உள்ளூர விரும்பியும் இருந்தேன். கத்திக்கு என் ஒத்துழைப்பு வேண்டியதில்லை. மயங்கிக் கிடந்தால் போதும். பல்லுக்கோ நாள்தோறும் நான் விழித்திருக்க வேண்டும். என்னை நான் நம்பினால் கனடா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கத்தியை நம்பினால் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் என் மகளின் கேள்வி இருந்தது.

செவ்வாயும் புதனும் அறுவையே நல்லது என்று இருந்தேன். இரு நாளும் பதினோரு மணிக்கு மோர் குடித்தேன். எப்படியும் வெட்டப்போகிறார்கள் அல்லவா என்ற துணிவு.

வியாழக்கிழமை எனக்கு நானே ஒரு தேர்வு வைத்தேன். தூக்கைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று, மேசைமேல் வைத்து, திறக்காமல் இருப்பது. பகல் ஒரு மணிவரை முடிந்தால் அறுவை வேண்டாம். முடியாவிட்டால் திருச்சிக்குத் தொலைபேசி. பதினொன்றுக்கு நா ஊறிற்று. பதினொன்றரைக்கு வெங்காய மணம், மூடி இறுக்கமாக இருந்தும், வந்தது. கவனத்தைத் திருப்ப இரண்டாமாண்டு விடைத்தாள்களை எடுத்தேன். அன்று திருத்தப்பட்ட இருபத்திரண்டு மாணவிகளிடம் இன்றும் மன்னிப்புக் கோரக் கடமைப்பட்டுள்ளேன். ஒருத்தியும் பாதி மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. பக்கத்து மேசைப் பேராசிரியை, "என்ன மேடம், தாளைக் கிழிக்கிறீங்களா, திருத்துறீங்களா?" என்றார். ஒரு மணி அடித்தது. தூக்கு திறக்கப்படவில்லை. கை இருமுறை மூடிவரை போய்த் திரும்பியது, ஆயினும் அது என் கையாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனைக்குப் பேசி, தேதி வேண்டாம் என்றேன். "ஏன் மேடம், பயமா இருக்கா?" என்றாள் செவிலி. "இல்லம்மா, பசியா இருக்கு" என்றேன்.

அன்று மாலை விளக்கேற்றும் வேளையில், வாழ்வில் முதன்முறையாகச் சோற்றை எண்ணி உண்ண அமர்ந்தேன். ஒரு கைப்பிடிச் சோறு, தட்டில். என் கணவர் தம் பங்கை உண்டு, கைகழுவி, தண்ணீர் மோட்டாரை நிறுத்தக் கொல்லைக்குப் போய்விட்டார். நான் மூன்றாம் வாயில், பதினாறாம் மெல்லலில் இருந்தபோது கைப்பேசி ஒலித்தது. கனடாவில் காலை. திரையில் மகளின் முகம் உறக்கம் கலையாமல் இருந்தது.

"அம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

வாய் நிறையச் சோறு. முதல் நாளே விதியை மீறினால் மறுநாள் விதியே இராது. மென்றேன்.

"ஏன் பேச மாட்டேங்கிற? ஆபரேஷனுக்குச் சரின்னுட்டியா?"

மெல்லும்போது என் தலை மேலும் கீழும் ஆடும். அது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது.

"சரின்னுட்டியா! நான் அவ்ளோ சொல்லியும்!"

பொறு, எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட, முதலில் இரு விரல்களையும் பிறகு மூன்று விரல்களையும் உயர்த்தினேன்.

"இருபத்து மூணா? இருபத்து மூணாந்தேதியாம்மா?" அவள் உதடு கோணிற்று. பள்ளி நாளில் கூட்டத்தில் என்னைக் காணாமல் அழத் தொடங்குமுன் அப்படித்தான் கோணும்.

முப்பதுக்கு இன்னும் ஏழு இருந்தது. விழுங்கினேன்.

"இல்லடி. ஆபரேஷன் இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன்."

"அப்ப இருபத்து மூணு?"

"சோறு."

தூக்கிலிருந்து தட்டுவரை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கக் கால்மணி ஆயிற்று. அவள் அழுகையை நிறுத்தாமலே சிரிக்கத் தொடங்கியிருந்தாள். பிறகு, தணிந்த குரலில், "அப்ப வருவியாம்மா?" என்றாள்.

"குறைஞ்சா வருவேன். குறையலன்னா வர முடியாது. இப்ப ஒண்ணும் சொல்ல முடியல."

தட்டில் இன்னும் பாதிப் பிடி இருந்தது.

"சரி, சாப்பிடு. நான் எண்ணுறேன்" என்றாள்.

நான் ஒரு வாய் எடுத்தேன். அவள் கைப்பேசியைத் தன் வயிற்றின்மேல் சாய்த்து நிறுத்திக்கொண்டு, அந்த நாட்டிலிருந்து, உரக்க எண்ணினாள். இருபத்தெட்டு வந்ததும் நான் விழுங்கினேன்.

"ஏமாத்தாதே. இன்னும் ரெண்டு இருக்கு. வாயைத் திற, பாப்போம்."

திறந்து காட்டினேன்.