பெட்டி வைத்த வண்டியில் அம்மன் ஊர்வலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கினேன். ஒரு பக்கம் பெற்ற மகன், மறுபக்கம் மகளைக் கட்டிய மருமகன். எப்படி எழுதினாலும் ஒரு வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. அம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

இருவருக்கும் வண்டியின் வேகத்தைக் கூட்டும் பைத்தியம். மருமகன் தன் டர்போ பிக்கப்பில் ‘பிக்கிபேக்’ என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். டீசல் போதவில்லை என்று அது புளுகும். என்ஜின் கம்ப்யூட்டரும் நம்பி இன்னும் ஊற்றும். வாரண்டி போய்விடுமென்று, சர்வீசுக்குப் போகும்போது மட்டும் பெட்டியைக் கழற்றிவிட்டு நல்ல பிள்ளையாய் நிற்பார். மகன் அந்தப் புளுகெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. கோலாலம்பூர் போய், கம்ப்யூட்டரையே திறந்து அதன் புத்தியை மாற்றி எழுதவைத்தான். அன்று முதல் அவன் கார் சிக்னலில் நின்றால் சாமி வந்தது போல ஆடும்.

பாரோய் ஊரில் என் வீட்டுக்கு இருவரும் வந்தால், எது மேல் என்று இதே சண்டைதான்.

“பெட்டின்னா நெனச்சா கழட்டிடலாம். ஒன்னோடத மாத்தணும்னா திரும்ப கே.எல். போய் நிக்கணும்லா” என்பார் மருமகன்.

“கழட்டி ஒளிக்கிற சாமானை எதுக்கு மச்சான் மாட்டணும்?”

ஒரு வருஷம் புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் செம்பனை மரத் தோட்டத்தில் எங்கள் மாரியம்மன் மருமகனின் பிக்கப்பில்தான் ஊர்வலம் வந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து சிலையைப் பிடித்துக்கொண்டேன். நடக்கிற வேகத்தில் போகவேண்டிய வண்டி. பெட்டிக்கு நடக்கத் தெரியவில்லை. மருமகன் காலை லேசாக வைத்தாலே துள்ளியது. மாலை அறுந்து விழுந்தது. அடுத்த துள்ளலில் அம்மன் என் மார்பில் சாய்ந்தாள். பெண்கள் அலறினார்கள். அவள் விழுந்துவிடக்கூடாதே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

செம்பனை மேட்டில் ஏறும்போது, பெட்டி சொல்லும் கணக்கு உதைக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என்ஜின் தன் பலத்தைக் குறைத்துக்கொண்டது. வண்டி ஆடாமல் ஊர ஆரம்பித்தது.

மகன் பக்கத்திலேயே ஓடிவந்தான். “பாத்தீங்களா பொய்ப்பெட்டிய! மச்சான், என்ஜின ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பழையபடி ஆயிடும்!”

“ஆவ வேணாம்டா!” என்று கத்தினேன். “மாப்பிள்ள, சாவியத் தொட்டீங்க, அம்மா மேல ஆணை, எம்மகள கூட்டிட்டுப் போயிடுவேன்!”

தோட்டம் முழுக்க அப்படியே சுற்றிவந்தோம். கோயில் வாசலில் மருமகன் நெஞ்சை நிமிர்த்தி இறங்கினார். “பெட்டி எப்படி ஸ்மூத்தா இழுத்துச்சு, பாத்தீங்களா மாமா?”

“என் கார்னா அந்த விளக்கே எரிஞ்சிருக்காது” என்றான் மகன்.

எரிந்திருக்காதுதான். கோயில் வரைக்கும் அம்மன் துள்ளிக்கொண்டே வந்திருப்பாள்.

இன்று இருவரும் இதை ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லித் திரிகிறார்கள். படித்தவர்கள் மற்றவர்களிடம் இதை இப்படியே சொல்லுங்கள். மருமகனுக்காகக் கூட்டவும் வேண்டாம், மகனுக்காகக் குறைக்கவும் வேண்டாம். அம்மன் விழவில்லை, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.