கடைமடைக்கு ஒரு சீட்டுக்கட்டு

எங்கள் ஆட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். தேனியில் அந்த நான்கு பேர் சேர்ந்ததே பெரிய விஷயம். ஒருவர் விலகினால் இன்னொருவரைத் தேடி மதுரைக்குத்தான் போக வேண்டும். அதனால், காலாண்டுத் தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நால்வரில் ஒருவரான டீச்சர் தன் கார்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டபடி, "இனிமே ஞாயித்துக்கெழம வீட்டுல பேப்பர் திருத்தலாம்னு இருக்கேன் சார்" என்றபோது எனக்குத் திக்கென்றது.

சீட்டு என்றதும் யாரும் பணம் வைத்து ஆடுவதாக நினைக்க வேண்டாம். இதில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த நூறு கார்டுகளைத் தேர்ந்து, சொந்தமாக ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு வருவார்கள். கார்டுகளில் வீரர்கள், பூதங்கள், மந்திரங்கள். ஆளுக்கு நாற்பது உயிர்ப் புள்ளிகள். அவை தீர்ந்தால் வெளியே. கடைசியில் மிஞ்சியவருக்கு வெற்றி.

ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடை மாடியில் ஆடுவோம். மாடி முழுக்க ஏலக்காய் மணக்கும். வீட்டுக்குப் போன பிறகும் என் கார்டுகளில் அந்த மணம் இருக்கும். வாரம் ஒருமுறை குமுளிக்குப் போய்வரும் அவர் பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த கார்டுகளாகத் தேடி வாங்குவார், அநேகமாக அவரே ஜெயிப்பார். மூன்றாவது ஆள் வீரபாண்டிப் பக்கம் நெல்லும் திராட்சையும் போட்டிருக்கும் ஒரு பெண், படித்தது கம்ப்யூட்டர். நான்காவது டீச்சர். கடையில் கட்டாகவே விற்கும் மலிவான கார்டுகளை வைத்து ஆடி, வாராவாரம் முதலில் தோற்று, மிச்ச நேரமெல்லாம் எங்களை வேடிக்கை பார்ப்பார்.

அவரைத் தக்கவைக்க ஒரு புதுக் கட்டு சேர்ப்பது என்று முடிவு செய்தேன். நான் ஜெயிப்பதற்கு அல்ல, எல்லாருக்கும் ஆட்டம் கிடைப்பதற்கு. வியாபாரி பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து, நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். விலை கேட்டேன்.

"காசெல்லாம் வேணாம் சார். எடத்த அடைக்குது, கொண்டுபோங்க."

அந்த வாரம் சாயங்காலங்கள் எல்லாம் அந்தப் பெட்டியோடுதான் கழிந்தன. 'எல்லா ஆட்டக்காரர்களும் கூடுதலாக ஒரு கார்டு எடுக்கலாம்' என்ற வகைக் கார்டுகள் அதில் நிறைய இருந்தன. தனக்கு மட்டும் லாபம் வேண்டும் என்பவர்கள் அவற்றை விரும்புவதில்லை. நான் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தேன். டீச்சரிடம் ஃபோனில், "இந்த ஒரு வாரம் வாங்க" என்றேன். வந்தார்.

டீ வருவதற்குள் தோற்றார். நான் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்ததில் வியாபாரிக்கு அவருடைய பெரிய பூதங்கள் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டன.

"அண்ணே, என்ன செஞ்சிருக்கீக தெரியுமா?" என்றார் வீரபாண்டிப் பெண். "வாய்க்கால்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு, எல்லாருக்கும் சமம்னு சொல்லிட்டுப் போயிட்டீக. மேமடைல இருக்கவுக மோட்டார் வச்சு இழுத்துருவாக. கடைமடைல எங்களுக்கு ஈரந்தான் மிஞ்சும்."

"அப்ப நான் மேமடையா?" என்றார் வியாபாரி.

"பின்ன? மொதலாளி ரெண்டு மோட்டாருல்ல போட்டிருக்கீக."

"நீங்கல்லாம் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி கொறஞ்சா மொற வைப்போம்ணே. எங்க வாய்க்கால்ல கீழ இருந்துதான் மொற ஆரம்பிக்கும். கடைசி வயலு பாஞ்சு முடியிற வரைக்கும் மேமடை பூட்டுத்தான்."

"கொள்ளாம், நல்ல மொறதான்," என்று சிரித்தார் வியாபாரி. டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் ரப்பர் பேண்டு போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடி பெட்டியைக் கவிழ்த்தேன். எல்லாருக்கும் கொடுக்கும் கார்டுகளைக் கழித்துவிட்டு, உயிர்ப் புள்ளி மிகக் குறைந்தவருக்குக் கொடுக்கும் கார்டுகளைத் தேடினேன். எல்லாரையும்விட அதிகப் புள்ளி வைத்திருப்பவரைத் தாக்கினால், தாக்கியவருக்கு ஒரு கார்டு என்பது போன்றவையும் கிடைத்தன. புதிதாக எதுவும் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆட்டம் வேறு மாதிரிப் போயிற்று. வியாபாரியை அடித்தால் கார்டு கிடைக்கும் என்பதால் பெண்கள் இருவரும் அவரையே மாற்றி மாற்றி அடித்தார்கள். டீ வந்து ஆறியது. டீச்சர் இன்னும் ஆட்டத்தில் இருந்தார். ஒரு கட்டத்தில் எல்லாரையும்விடக் குறைந்த புள்ளிக்கு வியாபாரி இறங்கிவிட, என் கார்டுகள் அவருக்குப் போக ஆரம்பித்தன.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இப்பக் கடைமடை மொதலாளிதான சார்?"

"ஆமா டீச்சர்."

"அப்ப அவருக்குத் தண்ணி விடுறது நீங்க."

"முறைன்னா முறைதான டீச்சர்."

"அப்ப மடையைத்தான் உடைக்கணும்," என்று தன் வீரர்கள் அத்தனை பேரையும் என் மேல் ஏவினார். முதலில் வெளியே போனது நான். வீரபாண்டிப் பெண் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

மிச்ச ஆட்டத்தை ஏலக்காய் மூட்டையில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன். கடைசியில் ஜெயித்தது வியாபாரிதான். ஆனால் டீச்சரை வீழ்த்த அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அந்த மூன்று பேரின் சத்தத்தையும், சும்மா கிடைத்த அந்தப் பெட்டியையும் நினைத்துக்கொண்டு நான் அவ்வளவு நிறைவாக உட்கார்ந்திருந்தேன்.

படியிறங்கும்போது டீச்சர் திரும்பினார். "அடுத்த வாரம் சர்ச்சுல பூசை முடிஞ்சு நேரா வந்துர்றேன் சார். மத்தியானச் சாப்பாடு இங்கனயே சொல்லிருங்க."

நான்கு சாப்பாடு சொல்லிவைத்தேன்.